நிகர எடை

பர்கூர் தாண்டி ஜெகதேவி போகிற சாலையில்
எடைமேடைக் கூண்டுக்குள் எனக்கு இரவுப்பணி.
ஏற்றிய எடையில் வெற்று எடையைக் கழித்தால்
நிகர எடை.
இதற்குத் தத்துவத்தில் எம்.ஏ. எதற்கு என்று
சேர்ந்த அன்றே கேஷியர் கேட்டுவிட்டார்.

மேசை இழுப்பறையில் பதினோரு ஜெராக்ஸ் தாள்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கிரேக்கன் ஒருவன்
செய்யுளாக யோசித்ததில்
எலி தின்றது போக, தீ தின்றது போக,
யார்யாரோ மேற்கோள் காட்டியதால் பிழைத்தவை.
அவனும் ஒரு வண்டியில்தான் கிளம்புகிறான்.
அச்சு கீச்சிடுகிறது.
கிரீஸ் தேசத்திலும் கிரீஸ் போட ஆளில்லை.
அந்த இடத்தில்தான் அவனை நம்ப ஆரம்பித்தேன்.

அவன் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்.
அதற்கு எழுவாய் கிடையாது.
ஆங்கிலக்காரர்கள் அதன் முன்னால் ‘அது’ என்று ஒட்டவைத்து
எது அந்த அது என்று
நூறு வருடமாய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள்.
எடைச்சீட்டுகளின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்.
இருக்கிறது:
நிகழ்காலம் உறுத்தியது. அவனுக்கு நேற்றும் நாளையும் ஆகாது.
உள்ளது:
யாரோ உயில் வாசிக்கிறார்கள்.
உளது:
தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றது.

அப்புறம் அந்த உருண்டை.
நடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே கனம்.
பந்து என்றால் யாராவது உதைத்துவிடுகிறார்கள்.
களி உருண்டை என்றேன்,
சரியாகத்தான் வந்தது
எனக்குப் பசிக்கிறவரை.

வெற்றிடம் என்பதே இல்லையாம்.
கூண்டின் பின் சன்னலைத் திறந்தால்
குன்று நின்ற இடத்தில் எண்பதடிப் பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர், அதில் அரை நிலா.
இதை என்ன செய்வாய் என்று கேட்டேன்.
குன்று எங்கும் போகவில்லை,
பலகை பலகையாகக் கப்பலேறி
யாரோ ஒருத்தியின் சமையல்மேடையில் பளபளக்கிறது
என்பான்.
பள்ளம்?
பதினோரு தாளிலும் தேடினேன்.

ஒன்றே முக்காலுக்கு வந்தது அந்த லாரி.
மேடை ஒரு விரற்கடை அமுங்கியது.
திரையில் எண்கள் தடுமாறி
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபதில் நின்றன.
வழக்கப்படி மைக்கில் கேட்டேன்: “லோடு இருக்கா?”
பாதிக் கண்ணாடியை இறக்கி
திம்மராயப்பா சொன்னார்:
“உந்தி.”

என்ன உந்தி, எவ்வளவு உந்தி, எதுவுமில்லை.
பாதித் தூக்கத்தில்
தெலுங்கில் வந்து விழுந்தது கிரேக்கம்.
பிரிண்டர் துப்பிய சீட்டைத் திருப்பி
உண்டு
என்று எழுதினேன்.
பால் இல்லை, எண் இல்லை, காலம் இல்லை.
பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த சொல்,
இத்தனை நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

முதலாளி கூப்பிட்டார்.
“பர்மிட் இல்லாத வண்டிம்மா.
வரவே இல்லைன்னு வெச்சுக்கோ. சீட்டக் கிழிச்சுடு.”

இல்லாததை நினைக்க முடியாது, சொல்ல முடியாது,
அந்தப் பாதை எங்கும் போய்ச் சேராது என்கிறான் கிரேக்கன்.
அவன் இந்தப் பக்கம் வந்ததில்லை.
அந்தப் பாதை குப்பம் வரைக்கும் தார் போட்டிருக்கிறது.
இரண்டு மணிக்கு மேல் செக்போஸ்டில் ஆளுமில்லை.

பதிவேட்டில் ஒரு வரியைத் தாண்டி எழுதினேன்.
சம்பளம் ஏழாம் தேதி.
லாரி இறங்கியதும் மேடை மூச்சுவிட்டது.
திரையில் சைபர்.
வண்டியின் அச்சு வளைவுவரை கத்திக்கொண்டே போனது.

கையில் சீட்டு.
ஒரு பக்கம் வண்டி எண், நேரம், கிலோ.
மறுபக்கம் மூன்று மாதமாய்த் தேடிய சொல்.
ஒன்றைக் கிழித்து மற்றதை வைத்துக்கொள்ள
தாளில் இடமில்லை.
வேறு காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம்தான்,
ஒரே சொல்.
எழுதிப் பார்த்தேன்.
எடை குறைந்தது.

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
இழுப்பறையில் இப்போது
பன்னிரண்டு தாள்.